கருகிய வேம்பு நிற்கட்டும், காய்க்கிற தென்னையை இறக்குங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில் சொந்த வீடு. முன்பக்கம், சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, இருபத்தைந்து வருட வேப்பமரம் இருக்கிறது. தீபாவளிக்கு முன்பிருந்தே நுனியெல்லாம் கருகத் தொடங்கி, இப்போது பாதி மரம் செம்பட்டையாக நிற்கிறது. மரம் செத்துவிட்டது, புயலில் வீட்டு மேல் விழும் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். காம்பவுண்ட் சுவரும் வெடித்திருக்கிறது. ஒரு மர வியாபாரி, கட்டையை எடுத்துக்கொண்டு இலவசமாகவே வெட்டித் தருகிறேன் என்கிறார். மனசு வரவில்லை என்றால் மொட்டையடித்துவிடலாமாம். பின்பக்கம் ஒரு தென்னை. நன்றாகக் காய்க்கிறது, ஆனால் அடியில் சிவப்பாக ஏதோ வடிகிறது, கீழ்மட்டைகள் தொங்குகின்றன. அதை ஒட்டிப் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாசலுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு பெருங்கொன்றையும் உண்டு. போன வருடம் மழைநீர்க் கால்வாய் தோண்டியபோது அதன் வேரை வெட்டினார்கள். எதை வெட்டுவது, எதை விடுவது, யாரிடம் அனுமதி வாங்குவது? — ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களையும் பார்த்தேன். வியாபாரிக்கு இன்னும் 'சரி' சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வேம்பை வெட்ட வேண்டாம். தென்னையை இந்தக் கார்த்திகையிலேயே, மழை விட்ட ஒரு நாள் பார்த்து இறக்கிவிடுங்கள். ரோட்டு மரத்தில் நீங்கள் கை வைக்கக் கூடாது, ஆனால் சும்மாவும் இருக்கக் கூடாது.

நீங்கள் பயப்படும் மரம் நிற்க, பயப்படாத மரம் போக வேண்டும் என்கிறேனே என்று தோன்றும். மரம் விழுமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துத்தான் கேட்கிறார்கள். விழுவதும் நிற்பதும் தூரில் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாண்டியபோது சாய்ந்த மரங்களில் எத்தனையோ, முதல் நாள் வரை பச்சைப்பசேலென்று நின்றவை. அடர்ந்த தழை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கியது. கீழே, கால்வாய்க்கும் கேபிளுக்கும் வேர் அறுபட்டு, மிச்சத்தைச் சிமெண்ட் இறுக்கியிருந்தது. குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போல வேகமாக வளரும் மரங்கள்தான் கொத்துக் கொத்தாகப் போயின. அதனால் எந்த மரத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், முதலில் குனிந்து அடியைப் பாருங்கள்.

வேம்பிலிருந்து தொடங்குவோம். உங்கள் மரத்துக்கு வந்திருப்பது நுனிக்கருகல். கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாடு முழுக்க, ஆவணி புரட்டாசியில் தொடங்கி மார்கழி வரை வேப்பமரங்கள் தீயில் வாட்டியது போல நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சை இளங்குச்சிகளைப் பிடித்துக் கருக்குகிறது. தேயிலைக் கொசு என்ற சின்னப் பூச்சியும் தளிரில் சாறு உறிஞ்சி, அந்த இடங்களைப் பொசுக்கிவிடுகிறது. பெயர்தான் கொசு, மனிதரைக் கடிப்பதில்லை. மழையும் ஈரக்காற்றும் இரண்டுக்குமே கொண்டாட்டம். பார்ப்பவருக்கு மரமே பட்டுப்போனதாகத் தெரியும். மாசி பங்குனியில் வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் அதே கொப்புகளில் செந்தளிர் விட்டுவிடும். ஐப்பசியில் பயந்து வெட்டியவர்கள் பங்குனியில் எதிர்வீட்டு வேம்பைப் பார்த்து வருத்தப்படுவதைத்தான் வருடா வருடம் காண்கிறேன்.

உயிர் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். கைக்கு எட்டும் உயரத்தில், சுண்டுவிரல் கனமுள்ள ஒரு குச்சியைப் பிடித்து, நகத்தால் மேல்தோலை லேசாகச் சுரண்டுங்கள். அடியில் பச்சையாக, தொட்டால் ஈரமாக இருந்தால் அந்தக் குச்சிக்கு உயிர் உண்டு. காய்ந்த பழுப்பாக இருந்தால் ஒரு முழம் உள்ளே தள்ளிச் சுரண்டுங்கள். எங்கே பச்சை தட்டுகிறதோ அதுவரைதான் சாவு. உங்கள் படத்தில் நடுக்கொப்புகளில் இலை அப்படியே இருக்கிறது, அதனால் பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது சுரண்டலிலேயே பச்சை வந்துவிடும். இவ்வளவு உயரமான மரத்துக்கு வீட்டு வளாகத்தில் மருந்து அடிப்பதை நான் சொல்ல மாட்டேன். பாதி மருந்து உங்கள் தண்ணீர்த் தொட்டியிலும் அடுத்த வீட்டுத் துணியிலும்தான் விழும்.

அடுத்தது அடி. மரத்தைச் சுற்றி டைல்ஸ் ஒட்டி, சின்ன மேடை கட்டி, மஞ்சள் துணி சுற்றி விளக்கு வைத்திருக்கிறீர்கள். கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டைல்ஸ் தண்டைத் தொடும் வரை வந்திருக்கிறது, விளக்கு பட்டையை ஒட்டியே எரிகிறது. அந்த இடத்தில் பட்டை கருகி வெடித்தால் பூஞ்சைக்கு அதுதான் வாசல். விளக்கை இரண்டடி தள்ளி வையுங்கள். தண்டைச் சுற்றி மூன்றடிக்காவது டைல்ஸையும் சிமெண்டையும் பெயர்த்து மண் தெரிய விடுங்கள். மேடைக்காகக் கொட்டிய மண்ணையும் எடுத்துவிடுங்கள். தூர் அகன்று வேராகப் பிரியும் இடம் காற்றாட வெளியே தெரிய வேண்டும். கம்பம் நட்டது போல மரம் நேராக மண்ணுக்குள் இறங்கினால் அடி மூடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மண்ணை எடுத்ததும் தூரைச் சுற்றி ஒரு மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான கட்டை ணங்கென்று சொல்லும். உள்ளே பொத்தலானால் ஓசை பொத்தென்று இறங்கிவிடும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கக் கூடாது. மழைக்குப் பிறகு தூரில் விசிறி விசிறியாக, பழுப்பும் வெள்ளை விளிம்புமாகக் காளான் முளைத்திருந்தாலும், மரம் சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் உப்பி வெடித்திருந்தாலும், அன்றே யாரையாவது கூப்பிடுங்கள். பல வருடமாகச் சாய்ந்தே வளர்ந்து, நுனி மட்டும் நிமிர்ந்து நிற்கும் மரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். போன வாரம் வரை நேராக நின்று இந்த வாரம் சாய்ந்திருக்கும் மரம் வேறு விஷயம். உங்கள் வேம்பில் இந்த அறிகுறி எதுவும் படத்தில் தெரியவில்லை.

காம்பவுண்ட் சுவர் வெடித்ததற்கு வேம்புதான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். நம் ஊரில் காம்பவுண்டுக்கு அஸ்திவாரம் ஒன்றரை இரண்டடிக்கு மேல் போவது அபூர்வம். மரத்தின் பெரும்பாலான வேர்களும் மேலே அந்த ஆழத்துக்குள்தான் பரவும். வேர் பருக்கப் பருக்கச் சுவரைத் தூக்கும். அதற்காக வேரை வெட்டச் சொல்லும் மேஸ்திரியை அனுப்பிவிடுங்கள். வீட்டுப் பக்கம் ஒரு பருத்த வேரை வெட்டினால், அடுத்த புயலில் மரம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். வெடித்த நான்கடியை மட்டும் இடித்து, வேருக்கு இரு பக்கமும் தூண் எழுப்பி, வேரைத் தொடாமல் மேலே ஒரு பீம் போட்டுச் சுவரைத் தாண்டவிடலாம். கொத்தனாருக்கு இரண்டு மூன்று நாள் வேலை.

வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வையுங்கள். நல்ல அஸ்திவாரத்தை வேர் நேரடியாக முட்டி உடைப்பது குறைவு. களிமண் நிலத்தில் கோடையில் வேர் நீரை உறிஞ்ச, மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்குவதுதான் வழக்கம். அப்படிப்பட்ட விரிசல் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும், சித்திரையில் அகலும், மழைக்காலத்தில் ஒடுங்கும். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மாதிரி மண்ணில் பெரிய மரத்தை ஒரேயடியாக எடுத்தால், அது குடித்துவந்த தண்ணீரெல்லாம் மண்ணில் தங்கி, மண் உப்பி, தரை மேலே எழும்பலாம். மரத்தை எடுத்தபிறகு வீடு வெடித்தது என்று வருபவர்கள் உண்டு. விரிசல் நகர்கிறது என்று தெரிந்தால், வெட்டுவதற்கு முன்பு ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரைக் கேளுங்கள். வீட்டை உண்மையாகவே பிளப்பது மாடிச் சுவரிலும் சன்ஷேடு இடுக்கிலும் காக்கை எச்சத்தில் முளைக்கும் அரசும் ஆலும்தான். அதை ஒரு சாண் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். அதற்கு மட்டும் யாரும் நாள் பார்ப்பதில்லை.

மொட்டையடிப்பதைப் பற்றி. வெட்டவும் மனசில்லை, விடவும் பயம் என்றால் எல்லோரும் போய் நிற்கும் இடம் இதுதான், இரண்டு வழியையும்விட மோசமானதும் இதுதான். பெருங்கொப்புகளை நடுவில் அறுத்துவிட்டால் மரம் பட்டினியில் பதறி, அறுத்த விளிம்பைச் சுற்றிக் கொத்தாகச் சிம்புகளை விடும். இந்தச் சிம்புகள் கட்டையின் உள்ளிருந்து வருவதில்லை, மேல்தோலை ஒட்டி முளைக்கின்றன. மூன்று நான்கு வருடத்தில் பழைய உயரத்துக்கே வந்துவிடும். அதற்குள் அறுத்த முகத்தில் மழைநீர் இறங்கி உளுத்திருக்கும். கனமான கொப்பு, அடியில் உளுத்த பிடி. இன்றைக்கு இல்லாத ஆபத்தைக் காசு கொடுத்து வாங்குவது இது.

பங்குனியில் தளிர் வந்தபிறகும் மொட்டையாக நிற்கும் கொப்புகள் இருக்கும். அவற்றை மட்டும் எடுத்தால் போதும். பச்சைக் கொப்பில் எதையாவது குறைக்க வேண்டி வந்தாலும், ஒரே தடவையில் தழையில் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது. அறுக்கும் முறையை ஆளிடம் நீங்களே சொல்லலாம், பள்ளிக்கூடத்தில் சொன்ன தொனியிலேயே சொல்லுங்கள். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கொப்பின் அடிப்பக்கத்தில் கால்வாசி கனத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து கீழாக இரண்டாவது வெட்டு. கொப்பு அங்கேயே முறிந்துவிடும், தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகாது. கடைசியாக மிச்சக் கட்டையை, தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல உப்பியிருக்குமே, அந்த உப்பலுக்கு வெளியே அறுக்க வேண்டும். உப்பலோடு சேர்த்து வழித்து அறுத்தால் காயம் ஆறாது, அரையடி நீட்டிவிட்டாலும் ஆறாது. சரியாக அறுத்த காயத்தில் தார், சாணி, பெயிண்ட் எதுவும் வேண்டாம். மரமே சுற்றி வளைத்து மூடிக்கொள்ளும். பொந்தில் சிமெண்ட் அடைப்பதும் வேண்டாம்.

இனி அந்த 'இலவசம்'. மர வியாபாரி கெட்டவர் என்று சொல்லவில்லை, அவர் தொழிலைப் பார்க்கிறார். உங்கள் மரத்தில் என்ன இருக்கிறது என்று நீங்களும் பார்க்க வேண்டும். மரவாடிகளில் உருட்டுக்கட்டைக்குப் போடும் கணக்கு சுலபம். ஒரு டேப்பால் தண்டின் நடுச் சுற்றளவை அடிக்கணக்கில் அளந்து, அதை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, கட்டையின் நீளத்தால் பெருக்குங்கள். உங்கள் வேம்பு, நீங்கள் எழுதியபடி, சுற்றளவு ஐந்தடி, கொப்பு பிரியும் வரை எட்டடி. ஐந்தில் நாலில் ஒரு பங்கு 1.25. 1.25ஐ 1.25ஆல் பெருக்கி எட்டால் பெருக்கினால் 12.5 கன அடி. கொப்புக் கட்டையும் விறகும் இதில் சேரவில்லை. இருபத்தைந்து வருட வேம்பில் வைரம் பாய்ந்திருக்கும், நிலைக்கும் ஜன்னலுக்கும் போகும் கட்டை அது. கன அடி என்ன விலை என்று இரண்டு மரவாடிகளில் போனில் கேட்டுவிட்டால், இலவசத்தின் விலை தெரிந்துவிடும். குல்மோகர், முருங்கை போன்றவற்றை எடுக்க நாம்தான் கூலி கொடுக்க வேண்டும், அதில் தப்பில்லை. வேம்பு, மா, வாகை, தேக்கு என்றால் கட்டையின் விலையைக் கூலியில் கழிக்கச் சொல்ல வேண்டும். இன்னொன்று, இந்த இலவச ஏற்பாட்டில் தண்டு மட்டும் மதியத்துக்குள் லாரி ஏறிவிடும். தழையும் சுள்ளியும் அடிக்கட்டையும் உங்கள் வாசலில் கிடக்கும், போனை எடுக்க மாட்டார்கள்.

தென்னைக்கு வருகிறேன். இதுதான் அவசரம். அடித்தண்டில் வெடிப்பு வழியாகச் செம்பழுப்பாக நீர் வடிவது, கீழ்மட்டைகள் தண்டை ஒட்டிப் பாவாடை போலத் தொங்குவது, இரண்டும் சேர்ந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோய். கனோடெர்மா என்ற பூஞ்சை வேரையும் அடித்தண்டையும் தின்கிறது. 1952இல் தஞ்சாவூர்ப் பகுதியில் முதலில் பதிவானதால் அந்தப் பெயர். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் வேப்பம்புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா, போர்டோ கலவை என்று வைத்தியம் உண்டு, தோப்புக்காரர்கள் செய்கிறார்கள். உங்கள் படத்தில் சாறு ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது, தூரில் காளானும் தெரிகிறது. மூன்றடி தள்ளி ஒருவர் தூங்கும் அறையின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் இடத்தில் நான் வைத்தியம் சொல்ல மாட்டேன். காய்க்கிறதே என்று பார்க்காதீர்கள், கொண்டையில் குலை இருப்பதற்கும் வேரில் பிடி இருப்பதற்கும் சம்பந்தமில்லை. தவிர, தெரிந்தே விட்டுவைத்த மரம் விழுந்து அடுத்தவருக்குச் சேதம் வந்தால், 'புயல் தள்ளியது, நான் என்ன செய்வேன்' என்ற வாதம் நிற்பது கஷ்டம். எனக்கு நீங்கள் எழுதிய கடிதமே உங்களுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி ஆகிவிடும்.

எப்படி இறக்குவது? மனைக்கட்டில் மரத்தை அடியில் வெட்டிச் சாய்ப்பது என்ற பேச்சே கூடாது. அதற்கு மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு வெற்றிடம் சுற்றிலும் வேண்டும், யார் வீட்டில் இருக்கிறது? மேலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். நல்ல தென்னையாக இருந்தால் ஆள் ஏறி, முதலில் குலை, பிறகு மட்டை, பிறகு கொண்டை, பிறகு தண்டை இரண்டடி மூன்றடியாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்குவார். உங்கள் மரத்தில் ஆளை ஏற்றாதீர்கள். அடி உளுத்த மரம், ஏறியவர் எடையிலும் ரம்பத்தின் அதிர்விலும் அவரோடு சேர்ந்து விழும். அனுபவமுள்ள மரமேறி அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு 'வேண்டாம்மா' என்று சொல்லிவிடுவார். 'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்று வேட்டியை மடித்துக்கட்டுகிற ஆளை டீ கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் சந்தில் சின்ன கிரேன் வரும் என்று படத்தில் தெரிகிறது. கிரேனில் தொட்டி கட்டி, அதில் நின்று அறுக்கலாம். அல்லது கிரேன் கொக்கியில் கொண்டைக்குக் கீழே கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பகுதி பகுதியாக அறுக்கலாம். செலவு கூடும். கூடட்டும்.

வேலைக்கு வருபவரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா? ஹெல்மெட்டும் இடுப்புப் பெல்ட்டும் உண்டா, அதைக் காட்டுங்கள். கட்டி இறக்கும் கயிறும் ஆள் கட்டிக்கொள்ளும் கயிறும் வேறு வேறா? பழைய நைலான் கயிறு வெயிலில் நைந்து நூல் நூலாக நிற்கும், கையில் வாங்கிப் பார்த்தாலே தெரியும். இந்தக் கேள்விகளுக்குச் சிரிக்கிறவர் வேண்டாம். கூலியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பது உண்டா, தழையும் கட்டையும் யார் எடுத்துப்போவது, கூரையோ குழாயோ உடைந்தால் யார் பொறுப்பு. பணத்தில் பாதியாவது வாசல் சுத்தமானபிறகுதான்.

பக்கத்து வீட்டாருக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று காலை அந்த அறையில் யாரும் இருக்கக் கூடாது, வண்டிகளை எடுத்துவிட வேண்டும். செப்டிக் டேங்க், சம்ப் மூடிகள் எங்கே இருக்கின்றன என்று சாக்பீஸால் குறித்துக் காட்டுங்கள். கிரேன் டயர் அதன் மேல் ஏறினால் தீர்ந்தது. மரத்தில் தேன்கூடோ கதண்டுக் கூடோ இருக்கிறதா என்று முன்தினமே பாருங்கள். ரம்பச் சத்தத்தில் அவை கிளம்பினால் மேலே இருப்பவர் குதிக்கத்தான் முடியும். கதண்டு என்றால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து எடுப்பார்கள்.

கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் ஈ.பி. ஒயர் தென்னையின் பக்கமாகத்தான் போகிறது. உங்கள் பகுதி ஈ.பி. அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அறுக்கும் நேரத்துக்கு லைனை நிறுத்தித் தரக் கேளுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதியலாம். நிறுத்திவிட்டார்கள் என்று லைன்மேன் வாயால் கேட்டபிறகுதான் அரிவாள் மேலே போக வேண்டும். வீட்டு மெயினை அணைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மெயினுக்கு வெளியே இருக்கும் ஒயரில் மின்சாரம் அப்படியே இருக்கும்.

அறுத்த தென்னந்துண்டுகளை உட்கார நன்றாக இருக்கும் என்று தோட்டத்தில் போடாதீர்கள். உளுக்கும் தென்னங்கட்டை காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை, தெருவில் உள்ள மற்றத் தென்னைகளை அது பார்த்துக்கொள்ளும். தூரைக் கடப்பாரையால் வேரோடு பெயர்த்து, நோய் பிடித்த வேர்களையும் பொறுக்கி, எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். ஜே.சி.பி. வேண்டாம், அது தூரை எடுக்கும் வேகத்தில் குழாயையும் எடுக்கும். தென்னை மறுபடி துளிர்க்காது, அந்தத் தொல்லை இல்லை. வேம்பு, புங்கன், புளி போன்றவை அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். அதற்காகத்தான் 'ஓட்டை போட்டுப் பெருங்காயம் வையுங்கள், ஆசிட் ஊற்றுங்கள்' என்ற வைத்தியமெல்லாம். எதிர்வீட்டுக்காரர் சொன்னதாக நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். பெருங்காயத்தைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிட் உங்கள் கிணற்றுக்கு இறங்கும். நிற்கும் மரத்தை இப்படிச் சாகடிப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல், ஏனென்றால் காய்ந்த கட்டை எங்கே முறியும் என்று மேலே ஏறியவருக்குத் தெரியாது.

அனுமதி. தமிழ்நாட்டில் எல்லா மரத்துக்கும் ஒரே விதி கிடையாது. சந்தனம் உங்கள் மனையில் தானாக முளைத்திருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் தொட முடியாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் பட்டா நிலமானாலும் 1955ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு, அதற்கென உள்ள குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் தென்னை இந்த எதிலும் வராது. ஆனாலும் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில், நோய்ப்பட்ட மரம், அடுத்த வீட்டுக்கு ஆபத்து என்று படங்களோடு ஒரு மனு கொடுத்து, சீல் போட்ட நகலை வாங்கி வையுங்கள். பாதி வேலையில் யாராவது வந்து கேள்வி கேட்டால் அந்தத் தாள் பேசும்.

ரோட்டோரப் பெருங்கொன்றை மாநகராட்சியின் மரம். அதன் கொப்பை நீங்கள் ஆள் வைத்து வெட்டினாலும் குற்றம். பொது இடத்து மரங்களை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது. கால்வாய்க்காக வேர் வெட்டிய பக்கத்தையும் மரம் சாயும் பக்கத்தையும் படம் எடுத்து, ஆய்வு செய்யக் கோரி ஆணையருக்கு எழுதுங்கள். மனுவில் 'மரத்தை அகற்றவும்' என்று எழுதாமல் 'ஆய்வு செய்து தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதுங்கள். சில நேரம் ஒரு பக்கக் கனத்தைக் குறைத்தாலே மரம் தப்பித்துவிடும். பதில் வராமல் மரம் மேலும் சாய்ந்துகொண்டே போனால், கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். விழக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. பிரிவின் எண்ணைப் போட்டு எழுதிய மனுவுக்குத் தனி மரியாதை உண்டு.

தென்னை போன இடத்தில் என்ன வைக்கலாம் என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதே குழியில் தென்னை வேண்டாம், பூஞ்சை மண்ணில் இருக்கும். குழியில் வேப்பம்புண்ணாக்கும் தொழுவுரமும் போட்டு மூடி, இரண்டு மூன்று வருடம் வாழை வையுங்கள். இந்த நோய் கண்ட தோப்புகளில் வேளாண் பல்கலைக்கழகமே ஊடுபயிராக வாழையைச் சொல்கிறது. நிழலும் பூவும் வேண்டும் என்றால், காம்பவுண்டிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் பத்தடி தள்ளி ஒரு பவளமல்லியோ எலுமிச்சையோ போதும். வேம்பைப் பங்குனியில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எந்தக் கொப்பை எடுக்கலாம் என்று அதில் குறித்துத் தருகிறேன்.